பழைய மரச்சாமான்களுக்குப் பிரைமர் பூசும் முன்: ஈயத் தூசி குறித்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டில் பழைய தொட்டிலையும் கட்டிலையும் புதுப்பிப்பது வழக்கம். பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்த பின்னரே மரத்திற்குப் பிரைமர் பூசுவர். பிரைமரின் நெடிக்குப் பலரும் அஞ்சுகின்றனர். ஆயினும் தேய்க்கும்போது எழும் தூசியே அதனினும் கேடானதாக இருக்கக்கூடும்.

காரணம் ஈயம். நிறத்திற்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் எண்ணெய் வண்ணங்களில் ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் கலக்கப்பட்டன. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கை மிகக்கூடாது என்னும் விதிகள் 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. இருப்பதாகவே கருதிச் செயல்படுவது நன்று. பரணில் கிடக்கும் பழைய பிரைமர் டப்பாவுக்கும் இது பொருந்தும்.

தவழும் குழந்தை தரைத் தூசி படிந்த கையை வாயில் வைக்கிறது. உட்செல்லும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தோ கால்சியமோ குறைந்திருந்தால் இது மேலும் கூடும். ஈயம் மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் பாதிக்கிறது. தாயின் உடலிலுள்ள ஈயம் கருவையும் சென்றடைகிறது.

ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்தலும், மின்கருவியால் தேய்த்தலும், பூச்சைச் சுட்டு உரித்தலும் கூடாது. பூச்சு உறுதியாக இருப்பின், சோப்பு நீரால் கழுவி, நீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாளால் ஈரமாகவே மெல்லத் தேய்த்துத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் பிரைமர் பூசலாம். இப்பணியைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இல்லாத திறந்த வெளியில் செய்க. துணி முகக்கவசம் போதாது. என்95 வகை வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அணிந்த ஆடைகளைத் தனியே துவைக்கவும். ஆஸ்துமா உள்ளவர்கள் பிரைமர் நெடி முற்றிலும் நீங்கும்வரை விலகியிருக்க வேண்டும்.

பூச்சு உரியும் பழைய தொட்டிலைக் குழந்தைக்குப் பயன்படுத்தாமல் விடுவதே எமது பரிந்துரை. பல் முளைக்கும் குழந்தை விளிம்பைக் கடிக்கும். அப்போது புதிய பூச்சு தடையாகாது.

ஏற்கெனவே வீட்டிற்குள் தேய்த்திருப்பின், குழந்தை நலமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் அதனைக் கூறுங்கள். தொடக்கத்தில் அறிகுறிகள் பெரும்பாலும் தோன்றுவதில்லை. இரத்தப் பரிசோதனையே ஈயத்தின் அளவைக் காட்டும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.