பகலில் கடிக்கும் பகை

1964ஆம் ஆண்டில் சென்னை மாநகரை ஒரு புதிய காய்ச்சல் வாட்டியது. மூட்டுகள் வீங்கி, நிமிர்ந்து நடக்க இயலாமல் மக்கள் துன்புற்றனர். அந்நோயே சிக்குன்குனியா. வலியால் உடல் வளைந்து போதலைக் குறிக்கும் அப்பெயர், ஆப்பிரிக்காவின் மக்கோண்டே மொழியிலிருந்து வந்தது. அதனைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்னும் கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்புவதும் இதுவே.

கொசு என்றவுடன் கழிவுநீரும் இரவுப் பொழுதுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அடையாறு போன்ற ஆறுகளின் மாசுற்ற நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவிற்கு இவ்வெண்ணம் பொருந்தும். ஏடிஸ் கொசுவிற்குப் பொருந்தாது. மயிலாப்பூர் வீட்டு மாடியின் பூந்தொட்டித் தட்டிலோ, தியாகராய நகர்த் தெருவில் கிடக்கும் பழைய டயரிலோ தேங்கிய தெளிந்த நீரே அதற்குப் போதும். அது பகலில், சிறப்பாகக் காலையிலும் கதிரவன் மறைவதற்கு முந்தைய மாலையிலும் கடிக்கும். இரவில் மட்டும் கட்டப்படும் கொசுவலையால் அதனைத் தடுக்க இயலாது.

கிண்டி தேசியப் பூங்கா போன்ற பசுமை நிறைந்த இடங்களுக்கு மக்கள் செல்வதும் பகற்பொழுதிலேதான். மரப்பொந்தில் தேங்கும் மழைநீரிலும் ஏடிஸ் இனத்தின் மற்றொரு வகை வளர்கிறது. முட்டை உருவாவதற்குக் குருதி தேவைப்படுவதால் பெண்கொசு மட்டுமே கடிக்கிறது. நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும், உடல் வெப்பமும், தோலின் மணமும் அதற்கு வழிகாட்டுகின்றன.

மூச்சை நிறுத்த இயலாது. தோலை மறைக்க இயலும். உடலை இறுக்கும் ஆடையை ஊடுருவியும் கொசு கடிக்கும். ஆகவே தளர்வான, வெளிர்நிற முழுக்கை ஆடையே ஏற்றது. ஆடை மறைக்காத இடங்களில், டீட் என்னும் வேதிப்பொருள் அடங்கிய கொசுவிரட்டிக் களிம்பை அதன் உறையில் உள்ள அறிவுரைப்படி பூசலாம். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் இளம்பருவம் கடித்தால் உண்ணிக்காய்ச்சல் வரக்கூடும். எனவே புல்தரையில் விரிப்பின்றி அமர்தலையும், கழற்றிய ஆடையைப் புதர்மேல் இடுதலையும் தவிர்க்க வேண்டும். வீடு திரும்பியதும் குளித்து, ஆடையைத் துவைத்தல் நன்று. அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், சென்றுவந்த இடத்தை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும்.

வெளியில் காக்கும் விழிப்பு வீட்டிலும் தொடர வேண்டும். ஏடிஸ் முட்டைகள் உலர்ந்த கலத்தின் உட்சுவரில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கலத்தைத் தேய்த்துக் கழுவுவது, நாளைய கடியை இன்றே தடுப்பதாகும்.