உங்களுக்குத் தெரியுமா? ஒரு குட்டி விமானத்தில் பிறந்த லியட்

கரீபியன் தீவுகளை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இணைத்த லியட் விமான நிறுவனம், 1956-இல் ஒரே ஒரு பைப்பர் அப்பாச்சி விமானத்துடன் தொடங்கியது. அதை நிறுவிய ஃபிராங்க் டெலைல் மான்செராட் தீவிலிருந்து ஆன்டிகுவாவுக்கு விமானத்தை ஓட்டினார்.

1971-இல் பிரிட்டனின் கோர்ட் லைன் நிறுவனம் லியட்டை வாங்கியது. 1974-இல் கோர்ட் லைனே திவாலானது! விமானம் நின்றால் தீவுகள் துண்டுபட்டுப் போகும் என்பதால் 11 கரீபிய அரசுகள் சேர்ந்து லியட்டை எடுத்து நடத்தின.

லியட்டில் ஏறினால் இறங்க வேண்டியதுதான், அவ்வளவு குறுகிய பயணங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் கட்டணம், பயணச்சீட்டின் மேல் வரிச்சுமை. நஷ்டமோ கூடிக்கொண்டே போனது. 2013-இல் பழைய டேஷ் 8 விமானங்களைக் கழித்து ஏடிஆர் விமானங்களுக்கு மாறியபோது கால அட்டவணை தலைகீழானது. ஒரே பயணத்தில் ஆறு விமான நிலையங்களைச் சுற்றிக் காட்டியதற்கு நன்றி சொல்லி ஒரு பயணி எழுதிய கிண்டல் கடிதத்தை, வேறொரு விமான நிறுவனத்தின் அதிபரான ரிச்சர்ட் பிரான்சனே உலகத்துக்குப் பகிர்ந்தார். பயணியின் வயிற்றெரிச்சல் அவ்வளவு சுவையாக வெளிப்படுவது அபூர்வம்.

2020-இல் கொரோனா வந்தது. ஆன்டிகுவா பிரதமர் கேஸ்டன் பிரவுன் நிறுவனத்தைக் கலைக்கப்போவதாக அறிவித்தார். அதன்பின் பெயரளவுக்குச் சில சேவைகள் ஓடி, 2024 ஜனவரியில் அவையும் நின்றன. அதே ஆண்டு ‘லியட் 20’ என்ற புது நிறுவனம் பறக்கத் தொடங்கியது. இம்முறை கைகொடுத்தது நைஜீரியாவின் ஏர் பீஸ் விமான நிறுவனம்.