யாருடைய இலை, யாருடைய சோறு?

நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு என்ற பெயரைக் கேட்டாலே நாவில் நீர் ஊறுகிறது என்கிறார்கள். ஊறட்டும், நாம் தடுக்கவில்லை. ‘பாரம்பரியச் சாப்பாடு’ என்று பலகை மாட்டி விற்கிறார்கள். விற்கட்டும்; அதிலும் நமக்கு வழக்கில்லை. ஆனால், ‘அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் உண்டார்கள், வயிறாரத் தின்றார்கள், நோயின்றி வாழ்ந்தார்கள்’ என்று ஒரு கதையையும் சாம்பாரோடு சேர்த்துப் பரிமாறுகிறார்களே, அந்தக் கதையைத்தான் நாம் விழுங்க மறுக்கிறோம்.

முதலில் அந்த இலையைப் பார்த்துவிடுவோம். குறை சொல்ல வந்தவன் சுவை அறியாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா? தலைவாழை இலை. ஓரத்தில் ஏத்தங்காய் உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சிப் பச்சடி, நாரத்தங்காய். அடுத்து துவட்டல், கிச்சடி, எரிசேரி, அவியல். அந்த அவியலுக்கு ஈடு ஏது? காயும் குழையாமல், தேங்காயும் வெண்ணெய் போல் அரையாமல், சீரகமும் பச்சை மிளகாயும் சேர்த்து ஒதுக்கி எடுத்த அரைப்பு. இறக்குமுன் ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெய், ஒரு பிடி கறிவேப்பிலை. சோறு விழுந்ததும் பருப்பும் நெய்யும் பப்படமும். பின் சாம்பார், புளிசேரி, ரசம், மோர். அடைப் பிரதமனில் பழத்தைப் பிசைந்து உண்பவரைப் பார்த்தால், பார்ப்பவருக்கே பசி தீரும்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. அதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியவர்கள் உண்டு. எல்லைக்கோடு மாறியது, அடுக்களை மாறவில்லை. தேங்காயெண்ணெய் தேங்காயெண்ணெயாகவே நின்றது. மொழிக்காகப் போராடிய மக்கள் புளிசேரியை ஏன் விட வேண்டும்? விடவில்லை. நல்லது.

சரி, இந்த இலையின் முன் உட்கார்ந்தவர் யார்?

திருவிதாங்கூர் அரசில் ‘ஊட்டுப்புரை’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அரசாங்கச் செலவில் அன்றாடம் அன்னம் இடும் சாலைகள் அவை. யாருக்கு அன்னம்? உழைத்துக் களைத்தவனுக்கா? ஊரில்லாத அனாதைக்கா? இல்லை, பிராமணருக்கு! திருவனந்தபுரத்தில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் நடந்த முறைஜபத்திலும் வேதம் ஓதியவர்களுக்கு நாள்தோறும் விருந்து. அந்தப் பந்திக்கு அரிசி எங்கிருந்து போயிற்று? திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது நம் நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த மண். சேற்றில் நின்று நாற்று நட்டவள் ஊட்டுப்புரையின் வாசற்படியையும் மிதிக்க முடியாது. வாசற்படி என்ன, சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே 1926-இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயிற் கதவு எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 பிரகடனத்துக்குப் பிறகுதான்.

வயலில் வேலை செய்தவருக்குக் கிடைத்தது கஞ்சி. குழி தோண்டி, அதில் இலையை விரித்து, அதில் ஊற்றிய கஞ்சி. பலாவிலையைக் கோட்டி, ஈர்க்குக் குத்தி, அதைக் கரண்டியாக்கிக் குடித்தார்கள். தொட்டுக்கொள்ளக் காணத்துவையலோ சுட்ட மிளகாயோ இருந்தால் அது நல்ல நாள். கல்யாண வீட்டில் முதற்பந்தி, இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி எல்லாம் எழுந்த பிறகு, கொல்லைப்புறத்தில் காத்திருந்தவர்கள் சட்டியில் வாங்கிப் போனது மிச்சம். எல்லாக் குழம்பும் ஒன்றாய்க் கலந்த அந்த மிச்சத்திலும் ஒரு சுவை உண்டென்று இன்று சிலர் எழுதுகிறார்கள். சுவை இருந்திருக்கலாம். மறுநாளும் அதையே எதிர்பார்த்து நின்றவரைக் கேட்டு எழுதியிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார்கள்.

இதே மண்ணில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சாமித்தோப்பில் வைகுண்டசாமி ஒரே கிணற்றில் எல்லாரையும் நீர் இறைக்கச் செய்து, ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணவும் செய்தார். அன்றைய அரசு அவரைச் சிறையில் அடைத்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் உணவுவிடுதிப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே தென்கோடியில் பந்தி சமமாகியிருந்தது என்பதைத் தமிழகம் போதிய அளவு அறியவில்லை என்பது நம் கருத்து.

இனி, இந்த மாவட்டத்தின் உயிரைக் காத்த உணவுக்கு வருவோம். அது அவியலும் அல்ல, பிரதமனும் அல்ல. மரச்சீனிக் கிழங்கு!

தென் அமெரிக்காவில் பிறந்த செடி அது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதைத் திருவிதாங்கூர் முழுவதும் பயிரிடச் செய்தார். மன்னர்களைப் போற்றுவது நம் வேலையல்ல. ஆயினும் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். விஷக்கிழங்கு என்று மக்கள் முதலில் அஞ்சினார்கள். அச்சம் வீணல்ல, அதில் நஞ்சு உண்டு. நறுக்கி, வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். நம் தாய்மார் எந்தப் பள்ளியிலும் படிக்காமல் அந்த வேதியலை அறிந்துகொண்டார்கள். பாய்ச்சல் வேண்டாம், நஞ்சை வேண்டாம். மேட்டு நிலத்தில், மலைச்சரிவில் கம்பை நட்டால் போதும். வேண்டும்போது தோண்டலாம், மிஞ்சினால் துண்டு போட்டு வெயிலில் உலர்த்தி மழைக்காலத்துக்கு வைக்கலாம்.

1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. வெளியரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பஞ்சம் தலைவிரித்தாடியது. பங்கீட்டுக் கடையில் அளந்த அரிசி யாருக்கும் போதவில்லை. அன்று கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கால்தான். கிழங்கும் சாளைக்கறியும்! தேங்காயும் மிளகும் மல்லியும் அரைத்து, மாங்காய்த் துண்டு போட்டு, மண்சட்டியில் கொதித்த மீன் குழம்பில் ஆவி பறக்கும் கிழங்கைத் தோய்த்து உண்டவருக்கு அரிசி இல்லாத துயரம் அரைமணி நேரமாவது மறந்திருக்கும்.

அந்தச் சாளை நடந்து வந்த வழியையும் நினைக்க வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி கரைகளில் விடியலில் வலை இறங்கும். ஓலைப்பெட்டியில் மீனைத் தலைச்சுமையாக எடுத்து, நீர் சொட்டச் சொட்ட, ஓட்டமும் நடையுமாய் உள்நாட்டு ஊர்களுக்குப் பெண்கள் வருவார்கள். ரயில் ஏது? நாகர்கோவிலுக்கு முதல் ரயில் வந்ததே 1979-இல்தான். அந்தப் பெண்களின் காலில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

பனையையும் விட்டுவிட முடியாது. காலையும் மாலையும் மரமேறி இறக்கிய அக்கானிதான் எத்தனையோ குடும்பத்துக்குக் காலை உணவு. காய்ச்சினால் கருப்பட்டி, அந்தக் கருப்பட்டி போட்ட காப்பி இல்லாமல் இம்மாவட்டத்தில் பொழுது விடிந்ததில்லை. கார்த்திகை வந்தால் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்துப் பனங்குருத்தோலைக்குள் வைத்து அவிக்கும் கொழுக்கட்டை. ஓலை மணம் மாவில் ஏறிய அந்தப் பண்டத்துக்கு எந்த ஊட்டுப்புரையும் உரிமை கொண்டாட முடியாது. அந்தப் பனையேறிக்கும் அரசு தலைக்கு வரி போட்டது என்பதை மட்டும் ‘பாரம்பரியம்’ பேசுகிறவர்கள் சொல்வதில்லை.

ஆகவே நாம் கேட்கிறோம்: பலகை மாட்டியவர்களே, உங்கள் இலையில் சாளை எங்கே? அக்கானி எங்கே? கிழங்கு எங்கே? சைவப் பந்தி ஒன்றையே நாஞ்சில் நாட்டின் முழு உணவு என்று காட்டினால், மாவட்டத்தின் பாதிக்கு மேற்பட்டவர்களின் அடுப்பை அணைத்துவிட்டுப் படம் பிடிப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு, அது இதைவிடப் பெரிது. 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் பாய்ந்த வயல்கள் எங்கே? நெல் விளைந்த இடத்தில் வாழை வந்தது, தென்னை வந்தது, பிறகு வீட்டுமனைக் கல் வந்தது. குளங்கள் தூர்ந்தன. களஞ்சியம் என்று பெயர் பெற்ற மண் இன்று வெளியூர் அரிசியை மூட்டை மூட்டையாக இறக்குகிறது. பனையேறத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கி வருகிறார்கள். அவர்களின் மக்கள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். போனது சரியே, அந்த மரத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏறச் சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் இருக்கிற மரத்தைச் செங்கற்சூளைக்கு வெட்டி அனுப்பவும் யாருக்கும் உரிமை இல்லை. 2023-இல் மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம், மகிழ்ச்சி. சான்றிதழைச் சுவரில் மாட்டலாம்; வாழைக்கன்றை மண்ணில்தான் நட முடியும். மீதமிருக்கும் வயலையும் குளத்தையும் மாவட்ட நிர்வாகம் அளந்து, ஊர் ஊராகப் பட்டியலிட்டு மக்கள் முன் வைக்கட்டும். மனைக்கு ஒப்புதல் கேட்டு அடுத்த விண்ணப்பம் வரும் முன்பே வைக்கட்டும்.