கசப்பு தரும் கொடி

பீரின் கசப்பு பார்லியிலிருந்து வருவதன்று. முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்தால் கிடைப்பது இனிப்பு நீரே. அதற்குக் கசப்பூட்டி, விரைவில் கெடாமல் காப்பது ஹாப்ஸ் என்னும் கொடியின் பெண்பூக் கூம்பு. இக்காக்கும் இயல்பைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் எழுதிவைத்தார். 1516-இல் பவேரியாவில் பிறந்த சட்டம், பார்லி, ஹாப்ஸ், நீர் என்னும் மூன்றன்றிப் பீரில் வேறொன்றும் சேரலாகாது என விதித்தது. குடியின் நன்மை தீமை வேறு ஆராய்ச்சி. ஈண்டுக் கொடியின் இயல்பே பொருள்.

பாகல் பற்றுக்கம்பியால் ஏறும். வெற்றிலை கணுவேரால் ஒட்டும். ஹாப்ஸுக்கு இவ்விரண்டும் இல்லை. தண்டிலுள்ள சொரசொரப்பான மயிர்களால் கயிற்றைப் பற்றி, தன்னுடலையே சுற்றிக்கொண்டு பதினைந்து, இருபது அடி உயரம் ஏறும். மேலிருந்து நோக்கினால் அது சுற்றுவது கடிகார முள் செல்லும் திசை. பீன்ஸ் கொடி சுற்றுவது அதற்கு எதிர்த்திசை. இதனை அறியாது மாற்றிச் சுற்றிவிட்டால் கொடி கயிற்றைப் பற்றாது.

குளிர்காலத்தில் தண்டு மடிய, வேர் மண்ணுள் உறங்கும். பின் கோடையின் நீண்ட பகல் வேண்டும். ஆண்டு முழுதும் பன்னிரண்டு மணிப் பகலுடைய மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்விரண்டும் இல்லாமையால், இங்கு நட்டால் கொடி குன்றிவிடும்.

இங்கிலாந்தில் 1880 முதல் வீட்டில் பீர் வடிக்க உரிமம் வேண்டியிருந்தது. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதனை நீக்கினார். வரியின்றி விற்பது மட்டும் குற்றமாகவே நீடித்தது. அதன்பின் கொல்லையில் ஹாப்ஸ் நடுவோரும் தோன்றினர். அவர்களுக்கு ஒரு தடை, உயரம். கெண்ட் மாவட்டத்து வை கல்லூரியில் உருவாகி 1990-களில் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் கோல்ட்’ என்னும் குறுங்கொடி ஏறத்தாழ எட்டடியோடு நிற்பதால், வேலியோரமே அதற்குப் போதும்.

வசந்த காலத் தொடக்கத்தில் பெண்கொடியின் கிழங்குத் துண்டை வெயில்படும் இடத்தில் நடுவர். கயிறு ஒன்றுக்கு இரண்டு மூன்று தளிர்களே விட்டு, ஏனையவற்றைக் கிள்ளிவிடவேண்டும். பலருக்கு மனம் வராத வேலை இது! முதலாண்டு விளைச்சல் சொற்பம். மூன்றாம் ஆண்டில்தான் கொடி நிறைபலன் தரும்.

ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ கூம்பு முற்றும். அழுத்தினால் காகிதம்போல் சலசலத்து மீண்டும் விரியும். பிளந்தால் இதழடியில் லுப்புலின் என்னும் மஞ்சள் தூள் காணப்படும். மணமும் கசப்பும் அத்தூளிலேயே உள்ளன. பறித்த கூம்பில் ஐந்தில் நான்கு பங்கு நீராதலால், மிதமான சூட்டில் உடனே உலர்த்தவேண்டும். நடுக்காம்பு வளையாமல் ஒடிந்தால் பதம் சரி. பின் காற்றுப் புகாத பையிலிட்டுக் குளிரில் வைப்பர்.

ஒரு மணி நேரம் கொதித்தால் ஹாப்ஸ் கசப்பைத் தரும். ஆனால் மணம் ஆவியாகிவிடும். இறுதியில் இட்டால் மணம் நிற்கும், கசப்பு குறையும். வீட்டில் விளைந்ததன் கசப்பளவை ஆய்வுக்கூடமின்றி அறிய முடியாது. ஆகவே தேர்ந்தோர், அளவு குறித்த கடைச் சரக்கைக் கசப்புக்கும் தம் விளைச்சலை மணத்துக்கும் பயன்படுத்துவர். சிக்கனத்துக்காக எல்லாவற்றையும் கொல்லையிலிருந்தே எடுப்போரின் பீர் ஆண்டுதோறும் சுவை மாறும்.

வடித்தபின் எஞ்சும் சக்கை நல்ல உரம். ஆயினும் நாய் வளர்ப்போர் அதனைத் திறந்த குப்பைக் குழியில் இடலாகாது. தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். சில மணி நேரத்தில் இறந்துவிடுவதும் உண்டு.