மண்டைக்குள் ஏறி இறங்கும் நீர்

சுங்கை ஆயர் தாவார் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மகளின் குழந்தை முதுகில் பிளவோடு பிறந்தது. மூடித் தைத்துவிட்டார்கள். இப்போது தலையில் நீர் கோத்திருக்கிறதாம். அது ஓடுவதை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டுமாம். மண்டைக்குள் ஓடுவதை எப்படி ஐயா பார்ப்பார்கள்?"

உச்சிக்குழி மூடாதவரை அதன் வழியாக அல்ட்ராசவுண்டிலேயே மூளையின் நீரறைகளின் அகலத்தைப் பார்த்துவிடலாம். நீர் எங்கே தடைபடுகிறது என்பதற்குத்தான் எம்.ஆர்.ஐ.

நான் வியந்து நிற்கும் இடம் இது. மூளை நீர் ஆறுபோல ஒரே திசையில் ஓடுவதில்லை. இதயம் சுருங்கும்போது மூளைக்குள் ரத்தம் பாய்கிறது. இடம் நெருக்கடியாகி நீர் முதுகுத்தண்டுக்குள் இறங்குகிறது. இதயம் தளர்ந்ததும் மேலேறுகிறது. கடல் ஏறும்போது உள்ளே வந்து, வற்றும்போது வெளியேறும் உங்கள் ஊர்க் கரையோர வாய்க்கால் நீர்தான் அது. என்ன, பச்சைக் குழந்தைக்கு நிமிடத்தில் நூறு தடவைக்கும் மேல்.

நகரும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞை, வேகத்துக்கேற்பச் சற்று விலகும். அந்த விலகலைப் படமாக்கினால் அசையாத மூளை சாம்பல் நிறத்திலும், இறங்கும் நீர் பெரும்பாலும் வெள்ளையாகவும், ஏறும் நீர் கறுப்பாகவும் தெரியும். பல துடிப்புகளில் சேர்த்ததை ஒரே துடிப்பின் படமாக ஓட்டுவார்கள். நீரின் உச்ச வேகத்தை முன்கூட்டியே கணித்து இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். நொடிக்கு 5 செ.மீ. என்று வைத்து, நீர் 7 செ.மீ. வேகத்தில் ஓடினால் வெள்ளை கறுப்பாகிவிடும். நீர் எதிர்த்திசையில் போவதாகத் தோன்றும்!

முதுகில் இப்படிப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கி நெருக்கியிருக்கும். அங்கே ஓட்டம் எப்படி என்று பார்ப்பது, வயிற்றுக்குக் குழாய் வைப்பதா, நீரறையின் அடியில் துளையிடுவதா என்று முடிவெடுக்க உதவும். துளை பிறகு அடைபட்டதா என்பதையும் இதே முறை காட்டும்.

பயப்படாதீர்கள். சிறு குழந்தைக்குப் பாலூட்டி, காதை மூடி, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பல இடங்களில் படமெடுக்கிறார்கள். பால் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலை பெருத்தால் கெட்டிக்காரப் பிள்ளை என்று நம் வீடுகளில் பூரித்துப்போவது எனக்கு வேதனை தருகிறது. கிளினிக்கில் தாதி தலையைச் சுற்றி அளக்கும் அந்த நாடா, நீர் கோப்பதை முன்பே காட்டிப் பல குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றுகிறது. அளவெடுக்கும் நாளைத் தவறவிடக் கூடாது.

முதுகுப் பிளவு வரும் வாய்ப்பைக் குறைக்கும் ஃபோலிக் அமிலத்தையும் நாம் பிந்தியே நினைக்கிறோம். முதுகுத்தண்டு மூடுவது கரு உருவான 28 நாளுக்குள்; பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. தினமும் 400 மைக்ரோகிராம் முன்பே தொடங்க வேண்டும். ஏற்கெனவே இப்படியொரு குழந்தை பெற்றவர்களுக்கு அளவு வேறு: 4 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் மறுபடி வருவது சுமார் 70 விழுக்காடு குறைந்ததாக 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. உங்கள் மகள் அடுத்த குழந்தையை நினைக்கும் முன்பே மருத்துவரிடம் இதைக் கேட்கட்டும்.