சேற்றைப் படிக்கும் பெட்டி

மட்டக்களப்பு வாவியில் இறங்கி இறால் பிடித்தவர்களுக்கு அந்தச் சேறு எப்படி வழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வழுக்கலுக்குக் காரணம் களிக் கனியங்கள். படுவான்கரைக்கு அப்பால் குடும்பிமலைப் பக்கம் தெரியும் பாறைகளுக்கு ஏறத்தாழ நூறு கோடி வயது. மாரி மழை அவற்றிலுள்ள பெல்ட்ஸ்பாரை மெல்ல அரித்துக் களியாக்குகிறது. அரிபடாத குவார்ட்ஸ் மணலாக மிஞ்சுகிறது. தண்ணீர் படாமல் களி உண்டாவதில்லை.

செவ்வாயிலும் தண்ணீரின் இந்தத் தடயத்தைத்தான் விஞ்ஞானிகள் தேடினார்கள். 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியோசிட்டி ஊர்தியின் வயிற்றுக்குள் 'கெம்மின்' என்றொரு கருவி இருக்கிறது. ஆய்வுகூடத்தில் குளிர்சாதனப் பெட்டி அளவு இடம் பிடிக்கும் இயந்திரத்தைச் சப்பாத்துப் பெட்டி அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள்.

ஒரு கல்லில் என்னென்ன மூலகங்கள் உண்டு என்று சொல்ல வேறு கருவிகள் உண்டு. ஆனால் அது போதாது. பொகல சுரங்கத்துப் பென்சிற்கரியும் வைரமும் ஒரே காபன்தான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. அந்த அடுக்கைப் பார்ப்பதே கெம்மினின் வேலை. துளையிட்டெடுத்த பொடியைச் சலித்து, ஒரு சிட்டிகையிலும் குறைவாக, ஒளி ஊடுருவும் சின்னக் கூட்டுக்குள் இடும். கூடு அதிரும், பொடி புரண்டுகொண்டே இருக்கும். மயிரிழை போன்ற எக்ஸ்-கதிர் அதனூடே பாய்ந்து, படிகங்களில் பட்டுச் சிதறி, மறுபக்கம் வளையங்களாக விழும். ஒவ்வொரு கனியத்துக்கும் வளையங்களின் இடைவெளி வேறு. கைரேகை மாதிரித்தான். ஒரு மாதிரியைப் படிக்கப் பல மணி நேரமாகும்.

2013 பெப்ரவரியில் 'ஜோன் க்ளைன்' என்று பெயரிட்ட சேற்றுப் பாறையில் 6.4 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டபோது வெளிவந்த பொடி சிவப்பல்ல, சாம்பல் நிறம். செவ்வாயின் புகழ்பெற்ற சிவப்பு மேலே படிந்த துருத் தூசிதான்! பொடியின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு களி. அங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்திருக்கிறது, அதிகம் உப்புக் கரிக்காத தண்ணீரோடு. நமது வாவியைவிட நல்ல தண்ணீர் என்று சொன்னாலும் தப்பில்லை.

செவ்வாயோடு மட்டுமல்ல, நிலவோடும் நமக்கு இப்படியொரு கனிய உறவு உண்டு. புல்மோட்டையில் அள்ளும் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட் என்ற கனியம், 1969இல் அப்பலோ 11 கொண்டுவந்த கற்களிலும் தாராளமாக இருந்தது.

மாரி முடிந்து கடற்கரைக்குப் போனால், மணலில் கறுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். சட்டென்று பாய்ந்து ஒட்டுவது மக்னரைட். பெரும்பாலும் ஒட்டாமல் தங்கிவிடும் கறுப்பு மணிகளில்தான் இல்மனைட்டைத் தேட வேண்டும்.