பூச்சிகளுக்கு நெடுஞ்சாலை போட முடியுமா?

இயற்கை நிலத்தை நகரம் துண்டு துண்டாக்கிவிடுகிறது. துண்டுகளுக்கு நடுவே ஒரு பசுமைத் தடம் அமைத்தால் பூச்சிகள் அதன் வழியே போய்வருமா? கணிதம் இதற்குச் சொல்லும் பதில் சற்று வித்தியாசமானது.

டொராண்டோவின் கிழக்கே, தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவில், மின்கோபுரங்களின் கீழ் நீண்டுகிடந்த வெறும் புல்தரையை மண்ணுக்குரிய பூச்செடிகள் நிறைந்த வெளியாக மாற்றும் 'மெடோவே' திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. டான் ஆற்றுப் பள்ளத்தாக்கை ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுடன் இணைக்கும் இத்தடத்தின் நீளம் 16 கிலோமீட்டர்.

பூச்சிகளின் நகர்வைக் கணக்கில் அடக்க முயன்ற முன்னோடி, 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ். ஓரிடத்தில் கொசுவை ஒழித்தால், சுற்றுப்புறக் கொசுக்கள் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பது அவர் கேள்வி. அதில் ஈடுபட்ட கார்ல் பியர்சன், 1905இல் 'நேச்சர்' இதழில் 'ராண்டம் வாக்', அதாவது இலக்கில்லா நடை, என்ற புதிரை முன்வைத்தார்.

விதி எளிது. ஒவ்வொரு தாவலும் ஏதோ ஒரு திசையில். நூறு தாவலுக்குப் பின் பூச்சி இருப்பது சுமார் பத்துத் தாவல் தூரத்தில்தான். தூரம் வர்க்கமூலமாகவே வளர்கிறது. தாவல் ஒன்று 10 மீட்டர், 5 விநாடி என்று கொள்வோம். 16 கிலோமீட்டர் என்பது 1,600 தாவல் தூரம். அதைக் கடக்க 1,600 × 1,600, அதாவது 25,60,000 தாவல்கள் வேண்டும். இரவுபகல் ஓயாமல் பறந்தாலும் 148 நாள்! பல வண்ணத்துப்பூச்சிகளின் ஆயுளோ சில வாரங்களே.

நிஜப் பூச்சி இவ்வளவு குருட்டுத்தனமாகப் பறப்பதில்லை. முந்தைய திசையையே ஓரளவு தொடரும் என்பதைக் கரைவாவும் ஷிகேசாதாவும் 1983இல் கணக்கில் சேர்த்தனர். தூரம் கூடுகிறது, ஆனால் நீண்ட காலத்தில் அதே வர்க்கமூலம்தான். வெளியின் விளிம்பில் பூச்சி திரும்புகிறதா, தாண்டுகிறதா என்பதும் முக்கியம். திரும்பினால் தடமே அதற்கு வழிகாட்டி. சாலை குறுக்கிடும் இடத்தில் திரும்பினாலோ, தடம் அங்கேயே அறுந்துவிடும்.

ஆகவே சிறு பூச்சிக்குத் தடம் என்பது நெடுஞ்சாலை அல்ல, ஊர்களின் வரிசை. தாய் முட்டையிட்ட இடத்திலிருந்து மகள் சற்றுத் தள்ளி முட்டையிடும். பயணத்தை முடிப்பது பேரப்பிள்ளைகள். வழிநெடுகப் புழுவுக்கு உணவு இல்லையென்றால் பச்சைப்புல் மட்டும் பயன்தராது. மெடோவேயில் நம்மூர் எருக்கின் உறவான மில்க்வீட் செடிக்கு இடம் தருவது இதனால்தான். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத் தவிர வேறெதையும் தின்னாது.